நூறு ஆக்டேன் ஊத்துனா வண்டி பறக்குமாண்ணே?

போன இதழ்ல ஈரோட்டு வாசகர் ஒருத்தர் "என் டர்போ வண்டிக்கு நூறு ஆக்டேன் பெட்ரோல் போடலாமா"ன்னு கேட்டதுக்கு, ஸ்டாக் வண்டின்னா (கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்கறது) தண்டச் செலவு, ரீமேப் பண்ண வண்டின்னா (எஞ்சின் கம்ப்யூட்டர்ல இருக்கற செட்டிங்கை, அதான் மேப்பை, மாத்தி சக்தியை ஏத்துனது) அது வேற கதைன்னு ஒத்த வரியில முடிச்சுட்டேன். அந்த "வேற கதை"தான் வினையாப் போச்சு. என்ன கதை, முழுசாச் சொல்லுன்னு ஒரு மாசமா லெட்டரு, மெயிலு. சரி, இந்த மாசம் பிரேக், கிளட்ச், ஏசி கேஸ் எல்லாம் ஓரமா இருக்கட்டும், முழுக்க பெட்ரோல்தான்.

அண்ணே வணக்கம். அப்பாவோட 2014 போலோ ஜிடி டிஎஸ்ஐ ஓட்டுறேன், ஸ்டேஜ் ஒன் ரீமேப் (பார்ட் எதுவும் மாத்தாம செட்டிங் மட்டும்) பண்ணிருக்கேன் (அப்பாவுக்குத் தெரியாது, பேர் போட்டுறாதீங்க). எக்ஸ்பி100 (இந்தியன் ஆயிலோட நூறு ஆக்டேன் பெட்ரோல்) போட்டா சும்மாவே இருவது குதிரை சக்தி ஏறும்னு ஃப்ரெண்டு சொன்னான்னு ஃபுல் டேங்க் அடிச்சேன். ஒரு மாற்றமும் தெரியல. பங்க்ல ஏமாத்திட்டாங்களா? – பீளமேடு, கோவை

பங்க்காரர் மேல பழி போடாதீங்க தம்பி, ஏமாத்துனது உங்க ஃப்ரெண்டு.

ஆக்டேன்ங்கறது பெட்ரோல்ல இருக்கற சக்தி இல்லைங்க, அதோட பொறுமை. ஐசோ ஆக்டேன்னு ஒன்னு, அதுக்கு நூறு மார்க். ஹெப்டேன்னு ஒன்னு, அதுக்கு சைபர். உங்க பெட்ரோல் இந்த ரெண்டையும் எந்த விகிதத்துல கலந்தா எப்படி நடந்துக்குமோ அப்படி நடந்துக்குதுன்னு, கம்ப்ரஷனை ஏத்தி இறக்கற மாதிரி ஒரு ஒத்த சிலிண்டர் டெஸ்ட் எஞ்சின்ல ஓட்டிப் பார்த்துத்தான் நம்பர் போடறாங்க. நசுக்கி சூடு பண்ணாலும் தானா பத்திக்காம, பிளக் பொறி விடற வரைக்கும் காத்திருக்கற குணம் எவ்வளவு, அவ்வளவுதான் அந்த நம்பர் சொல்றது. லிட்டருக்கு இருக்கற சூட்டுல 91க்கும் 100க்கும் சொல்லிக்கற அளவு வித்தியாசம் கிடையாது.

தீபாவளிக்கு சரவெடி கொளுத்தறோம்ல, ஒரு முனையில வெச்சா வரிசையா வெடிச்சுட்டுப் போகும், அது நல்ல எரிப்பு. அதே சரம் பாதி வெடிச்சுட்டு இருக்கறப்ப மிச்சம் கெடக்கற பாதி சூடு தாங்காம ஒரே நேரத்துல டமார்னு போனா? அதுதான் நாக்கிங். பிளக்கு பத்த வெச்ச தீ இந்தப் பக்கம் இருந்து பரவி வருது, அந்தப் பக்கம் மூலையில நசுங்கிக் கெடக்கற கலவை தீ வந்து சேர்றதுக்கு முன்னாடியே தானா வெடிக்குது, அந்த அடி நேரா பிஸ்டன் தலையில.

டர்போ வண்டியில காத்தை முன்கூட்டியே நசுக்கி உள்ள அனுப்பறோம், ரீமேப்ல இன்னும் ஜாஸ்தி நசுக்கறோம், அதுவும் நம்ம ஊரு ஏப்ரல் வெயில்ல இன்டர்கூலர் இருந்தும் உள்ள போற காத்து அம்பது டிகிரி அறுவது டிகிரின்னு நிக்கும். அதனால ஈசியூ, அதான் எஞ்சின் கம்ப்யூட்டர், என்ன பண்ணும்னா, பொறி விடற நேரத்தை, அதான் டைமிங்கை, பின்னாடி தள்ளும். சரியா விட்டா பிரஷர் உச்சம் பிஸ்டன் மேல் முனையைத் தாண்டி ஒரு பதினஞ்சு டிகிரி கிட்ட வரும், அங்கதான் கிராங்கை நல்லா தள்ளும். தள்ளி விட்டா பிஸ்டன் பாதி இறங்குனப்புறம் அடிக்கற மாதிரி, சூடு மட்டும் சைலன்சர் வழியாப் போகும்.

இப்ப உங்க விஷயம். உங்க ரீமேப் சாதா பெட்ரோலுக்கு எழுதுனது, அதுல டைமிங் இவ்வளவுதான்னு ஒரு வரம்பு இருக்கு. ஏற்கெனவே நாக் இல்லாம அந்த வரம்பு வரைக்கும் போயிட்டு இருந்தா, நூறு என்ன நூத்திப்பத்து ஊத்துனாலும் எஞ்சின் அதுக்கு மேல கேக்காது. கேக்கச் சொல்லி மேப்புல எழுதணும். எழுதாம ஊத்துனா பணம் மட்டும்தான் எரியும். 2020 டிசம்பர்ல இந்தியன் ஆயில் இதை டெல்லியில விட்டப்பவே லிட்டர் 160 ரூபா. சாதா பெட்ரோலை விட லிட்டருக்கு அறுவது ரூபா கூடன்னு வெச்சாலும் நாப்பது லிட்டருக்கு 2,400.

தெரிஞ்சுக்கறதுக்கு ஒரே வழி லாக்தான், அதாவது வண்டி ஓடறப்ப ஈசியூ என்ன பண்ணுதுன்னு பதிவு பண்ணிப் பார்க்கறது. ஓபிடி போர்ட்ல நல்ல ஸ்கேனரை மாட்டி, மூணாவது கியர்ல 2500 ஆர்பிஎம்ல இருந்து முழுசா மிதிச்சு, சிலிண்டர் வாரியா எத்தனை டிகிரி டைமிங்கைப் பிடுங்குதுன்னு, அதாவது பின்னாடி தள்ளுதுன்னு பாருங்க (அவினாசி ரோட்டுல வேணாம், டிராக்குல இல்லைன்னா டைனோவுல, அதான் வண்டியோட சக்தியை அளக்கற மெஷின்ல). ஒன்னு ரெண்டு டிகிரி வந்து வந்து போனா விட்டுருங்க, நீங்க போடற பெட்ரோலே போதும். நாலு அஞ்சுன்னு நின்னு பிடுங்குனா அப்ப நூறு ஆக்டேன் நிஜமாவே வித்தியாசம் காட்டும், வெயில் காலத்துல இன்னும் நல்லா தெரியும். அப்புறம், அப்பாகிட்ட சொல்லிருங்க தம்பி. ரீமேப்பை இன்சூரன்ஸ்ல சொல்லாம விட்டா நாளைக்கு கிளெய்ம் சிக்கும், அப்ப அவருக்குத் தெரியத்தான் போகுது.

சார், ஆக்டேவியா ஆர்எஸ் 230 வெச்சிருக்கேன். ட்யூனர் ரெண்டு மேப் குடுத்துருக்கார், ஒன்னு 95க்கு, ஒன்னு 100க்கு. மாசம் ஒரு தடவை மதுரை போறேன், வழியில நூறு கிடைக்கல. பாதி டேங்க் நூறு இருக்கறப்ப மேல சாதாவைப் போட்டா நூறு மேப்லயே ஓட்டலாமா? நாக் சென்சார் பார்த்துக்காதா? – அண்ணா நகர், சென்னை

கணக்கு முதல்ல. கலப்புல ஆக்டேன் ஏறத்தாழ அளவுப்படி சராசரியா வரும். டேங்க்ல நூறு 15 லிட்டர் மிச்சம், மேல 95 ஒரு 30 லிட்டர்னா, வர்றது 96.7. தலைகீழா, 95 பதினஞ்சு லிட்டர் இருக்க மேல நூறு முப்பது போட்டா 98.3. அதாவது மிச்சம் மீதி இருக்கறப்ப நூறு அடிச்சா டேங்க்ல இருக்கறது நூறு இல்லை. நூறு மேப்புக்கு மாறணும்னா டேங்க் வத்துனப்புறம் அடிக்கணும், அடிச்சுட்டு பத்து இருவது கிலோமீட்டர் சாதுவா ஓட்டிட்டு லைன்ல கெடக்கற பழசு தீர்ந்தப்புறம் மேப்பை மாத்தணும். கீழ இறங்கறதுக்கு நேர் எதிர், பங்க்ல நாசிலைத் தொடறதுக்கு முன்னாடியே மேப்பை மாத்திருங்க. இந்த வரிசை மாறுனா என்ன ஆகும்னு எனக்கு நேர்ல தெரியும்.

மூணு வருஷம் இருக்கும், ராத்திரி பதினோரு மணிக்கு டோ லாரியில ஒரு வண்டி வந்து பட்டறை வாசல்ல இறங்குச்சு. நூறு மேப், ஹைவேஸ்ல பெட்ரோல் தீர்ந்துருச்சு, கெடைச்ச பங்க்ல சாதாவை அடிச்சுட்டு மேப்பை மாத்த மறந்துட்டு நாலு பேரோட ஏசியும் போட்டுக்கிட்டு ஒரு பஸ்ஸை ஓவர்டேக் எடுக்க ஓங்கி மிதிச்சுருக்காரு. பின்னாடி கண்ணாடியில பார்த்தா நீலப் புகை. எண்ணெய் மூடியைத் திறந்தா புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதுது. பிளக்கைக் கழட்டுனேன். ஒன்னு, ரெண்டு, நாலு சுத்தம். மூணாவது பிளக்கோட வெள்ளைப் பீங்கான்ல மிளகுத்தூள் தூவுன மாதிரி கருப்புப் புள்ளி, ஊடால ஊடால கடுகை விடச் சின்னதா பளபளன்னு மணி மணியா ஒட்டிருக்கு. அந்த மணி வேற ஒன்னுமில்லைங்க, பிஸ்டன் அலுமினியம். கம்ப்ரஷன் வெச்சுப் பார்த்தா மத்த மூணு சிலிண்டர்லயும் 170 சொச்சம், அந்த மூணாவதுல மட்டும் அறுவது. தலையைப் பிரிச்சுப் பிஸ்டனை வெளிய எடுத்தா ரெண்டு ரிங்குக்கு நடுவுல இருக்கற ரிங்லேண்ட் பிஸ்கட்டைக் கடிச்ச மாதிரி ஒரு துண்டு இல்லை, அந்தத் துண்டு போர்ல கோடு கிழிச்சுட்டு கீழ போயிருக்கு.

நாக் சென்சார் என்ன பண்ணுச்சுன்னு நீங்க கேக்கறது நியாயம். அது ஒரு காது, பிளாக்குல ஒட்டி வெச்சிருக்கற மைக் மாதிரி. அடி விழுந்தப்புறம்தான் கேக்கும், கேட்டுட்டுத்தான் அடுத்த பொறியைத் தள்ளும். அதுக்கும் ஒரு அளவு இருக்கு, அந்த அளவுக்கு மேல தள்ளாது. அந்த வண்டியில இன்னொரு கூத்து, மேப் எழுதுனவரு சென்சாரோட காதையே கொஞ்சம் அடைச்சு வெச்சிருந்தாரு, வண்டி எப்பவும் டைமிங் பிடுங்காம ஸ்மூத்தா போகணும்னு. யாரு எழுதுனதுன்னு சொல்ல மாட்டேன், நல்லா எழுதறவங்களும் இருக்காங்க. ஆனா உங்க ட்யூனர்கிட்ட ஒன்னு கேளுங்க, நூறு மேப்ல தப்பித் தவறி 95 ஊத்துனா என்ன பாதுகாப்பு வெச்சிருக்கீங்கன்னு. பூஸ்ட்டை (டர்போ நசுக்கி அனுப்பற காத்தோட அழுத்தம்) குறைக்குமா, லிம்ப் மோடுக்கு (சக்தியைக் குறைச்சு மெதுவா மட்டும் ஓட விடறது) போகுமா? பதில் சொல்ல யோசிச்சாருன்னா மதுரைக்கு 95 மேப்லயே போயிட்டு வாங்க. விழுப்புரம் தாண்டி அந்த நேர் ரோட்டுல அந்த மேப்பே ஜாஸ்தி.

அண்ணா, கோல்ஃப் ஜிடிஐ வைத்திருக்கிறேன். இணையத்தில் அமெரிக்கக் கம்பெனியின் "93 ஆக்டேன்" ட்யூன் வாங்கினேன். இங்கே சாதாவே ஆர்ஓஎன் 95, அதனால் 93 ட்யூனுக்கு 95 தாராளம்தானே? – கிள்ளான், மலேசியா

தாராளம் இல்லைங்க, பத்தாக்குறை! நல்ல வேளை கேட்டீங்க. இந்த ஒரு விஷயத்துல கடல் தாண்டி எஞ்சின் போனவங்க நிறையப் பேரு.

உங்க ஊரு, எங்க ஊரு, ஐரோப்பா எல்லாம் பங்க்ல எழுதறது ரிசர்ச் ஆக்டேன் (நீங்க சொன்ன ஆர்ஓஎன் அதுதான்), அதாவது டெஸ்ட் எஞ்சினை 600 ஆர்பிஎம்ல சாவகாசமா ஓட்டி எடுத்த மார்க். மோட்டார் ஆக்டேன்னு இன்னொன்னு இருக்கு, 900 ஆர்பிஎம், உள்ள போற கலவையை நல்லா சூடு பண்ணி எடுக்கறது, கஷ்டமான பரீட்சை, அதனால மார்க் எட்டு பத்து கம்மியா வரும். அமெரிக்காக்காரன் ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து பம்ப்ல ஒட்டறான். அதனால அவன் 93 நம்ம கணக்குல 98 சுமாருக்கு. உங்க ஊரு 95, அவன் கணக்குல 90, 91 தான். நீங்க அந்த ட்யூனுக்கு 97 அடிச்சாலே விளிம்புல நிக்கறீங்க, உங்க பக்கம் சில ஸ்டேஷன்ல 100 விக்கறாங்களே, அதை அடிங்க. இல்லைன்னா கம்பெனிகிட்ட 91 ஃபைல் கேட்டு வாங்குங்க, பெரும்பாலும் ஓசியிலயே தருவாங்க.

ரேஸ் ஃபியூல்னு அவங்க வீடியோவுல பார்க்கறதும் இப்படித்தான். சுனோகோ 260 ஜிடின்னு ஒன்னு, பேரு "நூறு", ஆனா அது அமெரிக்க நூறு, ரிசர்ச் கணக்குல 105. எங்க எக்ஸ்பி100 அவங்க கணக்குல கிட்டத்தட்ட 95, 96 தான் வரும். ரெண்டையும் நூறு நூறுன்னு ஒன்னா நினைச்சு மேப் எழுதுனா தொலைஞ்சோம். விபி எம்எஸ்109 மாதிரி சிலதுல ஆக்சிஜன் கலந்த சரக்கு வேற இருக்கு, அது போட்டா அதுக்கேத்த மாதிரி பெட்ரோலைக் கூட்டி விடணும், சும்மா ஊத்துனா கலவை வத்தலா (காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லாம) ஓடும். விபி சி16 இருக்கே, அதுல காரீயம், தெருவுல ஓடற வண்டிக்கு அது ஆகவே ஆகாது. ஏன்னு அடுத்த கேள்வியிலயே வருது.

அண்ணே, ஃப்ளையிங் கிளப்ல வேலை பார்க்கற மாமா ஒருத்தர் இருக்கார். ஏவ்கேஸ் 100 எல்எல் (சின்ன விமானத்துக்குப் போடற பெட்ரோல்) எடுத்துத் தர்றேங்கறார். ரேஸ் ஃபியூலுக்கு அதுதான் ஏழைங்களோட மாற்றுன்னு சொல்றாங்களே? – பேர் ஊர் வேண்டாம்

மாமா எடுத்துத் தர்றேன்னா என்ன அர்த்தம் தம்பி, அதுக்குப் பேரு வேற. அதை விடுங்க, மெக்கானிக்கா மட்டும் பேசறேன்.

எல்எல்ங்கறது "லோ லெட்", கம்மி காரீயம். கம்மின்னா எதை விடக் கம்மி? முன்னாடி இருந்த ஏவ்கேஸை விட. லிட்டருக்கு 0.56 கிராம் வரைக்கும் இருக்கலாம். பெட்ரோல்ல காரீயம் கலந்தா நாக் அடங்கும்னு 1921ல அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்துல தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடிச்சாரு, அதை ரோட்டுல இருந்து ஒழிக்க நூறு வருஷம் ஆச்சு. நம்ம நாட்டுல 2000 பிப்ரவரியில நிறுத்துனாங்க, உலகத்துல கடைசியா நிறுத்துன அல்ஜீரியா 2021ல. இதை நீங்க கொண்டு வந்து திரும்ப ஊத்தப் போறீங்க! புகையைச் சுத்தம் பண்ற கேட்கான் (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) உள்ள தேன்கூடு மாதிரி இருக்கற தட்டு மேல பிளாட்டினம் பூச்சு இருக்குல்ல, அது மேல காரீயம் படிஞ்சுச்சுன்னா முடிஞ்சது, ஆக்சிஜன் சென்சாரும் கண்ணு குருடாயிரும். சென்சார் தப்பாப் படிச்சா ஈசியூ தப்பா ஊத்தும். இருக்கற ஆக்டேனை வெச்சு நீங்க சம்பாதிக்கறதை அதுல விட்டுருவீங்க. வாசல்ல விளையாடற குழந்தைங்க மூச்சுல போறதைச் சொல்லவே வேணாம்.

இந்த ஏவ்கேஸையும் நம்ம நாட்டுலயே, வடோதரா ரிஃபைனரியில, 2022ல இருந்து இந்தியன் ஆயில் தயாரிக்கறாங்க. பைலட் பசங்க ட்ரைனிங்குக்கு அது வேணும். மாமாவை நிம்மதியா வேலை பார்க்க விடுங்க.

பெயிண்ட் கடையில தின்னர் வாங்கி டேங்க்ல கலந்தா ஆக்டேன் ஏறும், ஃபார்முலா ஒன்லயே தின்னர்தான் போட்டாங்கன்னு எங்க குரூப்ல ஒருத்தர் அடிச்சு விடறார். உண்மையா? – நாமக்கல்

பாதி உண்மை. அந்தப் பாதி ரொம்ப ருசியான கதை, சொல்லாம போக மனசு வரல.

எண்பதுகள்ல எஃப் ஒன்ல ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சின். பெட்ரோலோட ஆக்டேன் 102க்கு மேல போகக் கூடாதுன்னு ரூல். ஹோண்டாக்காரங்க என்ன பண்ணாங்க, டொலுயீன்னு ஒரு சரக்கு 84 சதவீதம் ஊத்துனாங்க. அது 102ஐத் தாண்டிப் போகுது, அதை இறக்கறதுக்கு மிச்சம் 16 சதவீதம் ஹெப்டேன், அதான் சைபர் மார்க் வாங்கறதுன்னு மேல சொன்னேனே, அதை ஊத்தி சரியா 102ல நிப்பாட்டுனாங்க. ரூலுக்கு ரூலும் ஆச்சு, லிட்டருக்கு எடையும் சக்தியும் ஜாஸ்தி, 1988ல ஒரு ரேஸுக்கு 150 லிட்டர்தான்னு கட்டுப்பாடு இருந்தப்ப இது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனா டொலுயீன் சுலபமா ஆவியாகாது, அதனால பெட்ரோலைச் சூடு பண்ணி உள்ள அனுப்பறதுக்கு தனியா ஏற்பாடு வெச்சாங்க. அந்த வருஷம் மெக்லாரன் ஹோண்டா 16 ரேஸ்ல 15 ஜெயிச்சுது, சென்னாவும் ப்ராஸ்ட்டும் ஓட்டுனாங்கங்கறது வேற விஷயம்.

இப்ப நாமக்கல் பெயிண்ட் கடைக்கு வருவோம். தின்னர் டப்பாவுல சுத்த டொலுயீன் இல்லைங்க, அசிட்டோன் என்ன, இன்னும் பேர் தெரியாத கரைப்பான் என்ன, டப்பாவுக்கு டப்பா மாறும். பெயிண்ட்டைக் கரைக்கறதுக்குன்னே செஞ்ச சரக்கு உங்க ஓ ரிங்கையும் ஹோஸையும் மட்டும் பார்த்துட்டுச் சும்மா இருக்குமா? காலையில ஸ்டார்ட்டும் ஆகாது. அந்த நண்பர்கிட்ட பெட்ரோல் ஹீட்டர் எங்க மாட்டிருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

இதே சூட்டோட ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலையும் சொல்லிடறேன், நாலு பேரு கேட்டுருக்கீங்க. பாட்டில்ல "30 பாயின்ட் ஏறும்"னு போட்டிருந்தா அது 91 போயி 121 ஆகறது இல்லை. பத்து பாயின்ட் சேர்ந்தாதான் ஒரு ஆக்டேன். 91, 94 ஆகும், அதுவும் முழு பாட்டிலையும் சரியான அளவு பெட்ரோல்ல ஊத்துனா. ஃபெரோசீன் கலந்ததா இருந்தா பிளக்கு செங்கல் கலர்ல வரும், அது இரும்பு, தொடர்ந்து போட்டா பிளக்கு மிஸ் அடிக்கும்.

அண்ணா, எங்க வீட்டுக்காரர் ஸ்விஃப்ட் வெச்சிருக்கார், டர்போ எல்லாம் இல்லை, சாதா வண்டி. வாரா வாரம் நூறு ஆக்டேன் அடிச்சுட்டு வந்து "எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடுது"ன்னு சொல்றார். மளிகைக்குக் காசு கேட்டா மட்டும் கணக்கு பார்க்கறார். – கோபிச்செட்டிபாளையம்

அம்மணி, அந்த வெண்ணெய் அவர் மனசுலதான் ஓடுது. இந்தப் பக்கத்தை மடிச்சு அவர் சாப்பிடற தட்டுக்குப் பக்கத்துல வெச்சுருங்க. அந்த வண்டி சாதா பெட்ரோலுக்குன்னே செஞ்சது.

சார், 2010 லாரா 1.8 டிஎஸ்ஐ, ஸ்டேஜ் டூ (ரீமேப்போட பார்ட்டும் மாத்துனது), டவுன்பைப் (டர்போவுல இருந்து வர்ற புகைக் குழாய்) இருக்கு. எல்லாப் பக்கமும் இ20 (இருவது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஆயிருச்சு. ட்யூன் பண்ண வண்டிக்கு எத்தனால் விஷம்னு ஒருத்தர் சொல்றார், அமெரிக்காவுல டர்போ வண்டிக்காரங்க தேடித் தேடி இ85 போடறாங்கன்னு இன்னொருத்தர் சொல்றார். யாரை நம்பறது? – சேலம்

ரெண்டு பேரும் அவங்கவங்க பக்கம் சரிதான், அதான் குழப்பமே.

எத்தனாலுக்கு ரெண்டு நல்ல குணம். ஒன்னு, ஆக்டேன் ஜாஸ்தி, அதனாலதான் முன்னாடி 91ல இருந்த நம்ம சாதா பெட்ரோல் இ20 ஆனப்புறம் 95ன்னு அரசாங்கமே சொல்லுது. ரெண்டாவது, ஆவியாகறப்ப சூட்டை உறிஞ்சும், பெட்ரோலை விட ரெண்டு மடங்குக்கு மேல. கொரோனா சமயத்துல கையில சானிடைசர் ஊத்துனா சில்லுன்னு இருந்துச்சுல்ல, அதே ஜில்லு சிலிண்டருக்குள்ள. டர்போ எஞ்சினுக்கு இதை விட என்ன வேணும். டைமிங்கை மட்டும் பார்த்தா உங்க லாரா பழைய 91ஐ விட இ20ல சந்தோஷமா இருக்கும், நான் லாக் எடுத்த வண்டிங்கள்ல பிடுங்கற டிகிரி குறைஞ்சுதான் இருக்கு. ஊரே இ20யைத் திட்டிட்டு இருக்கறப்ப இதைச் சொன்னா என்னையும் சேர்த்துத் திட்டுவாங்க, பரவால்ல.

கெட்டது எங்கன்னா அளவுல. சுத்த பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 போதும். அப்படின்னா அதே காத்துக்கு இ20 ஏழெட்டு சதவீதம் கூட ஊத்தணும். அதனாலதான் மைலேஜும் குறையுது. சாதாரணமா ஓட்டறப்ப ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரி பண்ணிக்கும், ஃப்யூல் ட்ரிம்னு ஸ்கேனர்ல பார்த்தா ப்ளஸ் அஞ்சு ப்ளஸ் ஆறுன்னு நிக்கும். முழு மிதியில, ஸ்டேஜ் டூ பூஸ்ட்ல, உங்க ஹைப்ரஷர் பம்ப் ஏற்கெனவே நாக்குத் தள்ளிட்டு ஓடிட்டு இருந்தா, இந்தக் கூடுதல் ஏழெட்டு சதவீதத்தை அது எங்க இருந்து கொண்டு வரும்? ரெயில் பிரஷர் (அந்த பம்ப் இஞ்செக்டருக்கு அனுப்பற பெட்ரோலோட அழுத்தம்) சரியும், கலவை வத்தலாகும், ஆக்டேன்ல சம்பாதிச்சதை அங்க இழந்துருவோம். அதனால லாக் எடுக்கறப்ப டைமிங்கோட ரெயில் பிரஷரையும் சேர்த்து எடுங்க, கேக்கற பிரஷரும் வர்ற பிரஷரும் 6000 ஆர்பிஎம் வரைக்கும் ஒட்டிக்கிட்டே போகுதான்னு. ஒட்டிப் போனா கவலை இல்லை. பிரிஞ்சா பம்ப்பை மாத்துங்க, இல்லைன்னா பூஸ்ட்டைக் குறைங்க.

ரப்பர் பத்தியும் சொல்லணும், 2010 வண்டி இ20க்குன்னு செஞ்சது இல்லை. ஹோஸ், சீல், டேங்க் பம்ப் எல்லாம் சர்வீஸுக்கு ஒரு தடவை கையால தடவிப் பாருங்க, பிசுபிசுன்னு இருந்தா, மோந்து பார்த்தா பெட்ரோல் வாடை வந்தா மாத்திருங்க. ரெண்டு மாசம் ஓட்டாம நிப்பாட்டிப் போடறதா இருந்தா பாதி டேங்க்ல விடாதீங்க, எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

அண்ணே, ஒரு லிட்டர் டிஎஸ்ஐ, ஸ்டேஜ் ஒன். ஆறாவது கியர்ல அறுபதுல போயிட்டு இருக்கறப்ப மிதிச்சா எப்பவாவது ஒரு தடவை "டங்"குனு சுத்தியால அடிச்ச மாதிரி ஒத்தச் சத்தம். நூறு ஆக்டேன் போட்டும் போகல. – திருச்சி

இது வேற வியாதி, ஆக்டேன் இதுக்கு மருந்து இல்லை. குறைஞ்ச ஆர்பிஎம், முழு பூஸ்ட், நேரடி இஞ்செக்ஷன் மூணும் சேர்ந்தா பிளக் பொறிக்கு முன்னாடியே எண்ணெய்த் துளி ஏதாவது உள்ள சிதறி பத்த வெச்சுரும். எல்எஸ்பிஐம்பாங்க, லோ ஸ்பீடு ப்ரீ இக்னிஷன். நாக்கிங் பொறிக்கு அப்புறம் நடக்கறது, இது முன்னாடி. சென்சார் கேட்டு டைமிங்கைத் தள்ளுனாலும் பிரயோஜனம் இல்லை, பத்த வெச்சது பிளக்கே இல்லையே. ஒரே அடியில பிஸ்டன் உடையலாம்.

எண்ணெயைப் பாருங்க. கால்சியம் ஜாஸ்தி இருக்கற பழைய ரக எண்ணெய் இதைத் தூண்டும், ஏபிஐ எஸ்பி தரம் இதையும் யோசிச்சு 2020ல கொண்டு வந்தது, டப்பாவுல பார்த்து வாங்குங்க, வண்டிக் கம்பெனி சொன்ன அப்ரூவலும் இருக்கணும். ட்யூனர்கிட்ட 2000 ஆர்பிஎம்முக்குக் கீழ டார்க்கை, அதான் இழுவையை, குறைக்கச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் மேல, மிதிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கியர் இறக்குங்க தம்பி. கியர் குச்சி எதுக்கு இருக்கு.

1.8 ஆக்டேவியா, டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர். ட்யூனர் நூறு ஆக்டேன் மேப்ல 380 என்எம் டார்க் தர்றேங்கறார். பண்ணலாமா? – திருப்பூர்

எஞ்சின் தரும். உங்க கியர்பாக்ஸ் ஏழு ஸ்பீடு டிரை கிளட்ச் டிக்யூ200, கம்பெனி அதுக்கு வெச்ச வரம்பு 250. அதனாலதான் அந்த வண்டியையே 250 என்எம்மோட வித்தாங்க. கிளட்ச்சுக்கு ஒரு லட்சம் எடுத்து வெச்சுட்டுப் பண்ணுங்க.

செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குல டிராக் டே (சொந்த வண்டியை டிராக்குல ஓட்டற நாள்) வருது. நாங்க ஆறு பேரு. அங்க போயி ஓட்டறதுக்கு நூறு ஆக்டேன் 200 லிட்டர் பேரல்ல வாங்கி எங்க வீட்டு மாடியில வெச்சுக்கலாம்னு யோசனை. எத்தனை நாள் தாங்கும்? – சிங்காநல்லூர்

பேரல் தாங்கும், உங்க வீடு தாங்குமான்னுதான் பயம். பெட்ரோலியம் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம நீங்க வெச்சுக்கற பெட்ரோல் 30 லிட்டரைத் தாண்டக் கூடாது, வண்டி டேங்க்ல இருக்கறது வேற கணக்கு. சட்டம் கெடக்கட்டும், மொட்டை மாடி வெயில்ல வெச்சா சுலபமா ஆவியாகற பாகமெல்லாம் மூடியைத் திறக்கற ஒவ்வொரு தடவையும் பறந்துரும், மிச்சம் இருக்கறது காலையில ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணும். ஆறு பேரும் காலி டேங்க்கோட பங்க்குக்குப் போயி, நிரப்பிட்டு, அப்படியே டிராக்குக்குப் போயிருங்க. முன்னாடி நாள் ஃபோன் பண்ணி ஸ்டாக் இருக்கான்னு கேட்டுக்குங்க. கூட ஒரு கேன் வேணும்னா பெட்ரோலுக்குன்னே செஞ்ச மெட்டல் கேன், அதையும் டிக்கியில வெச்சுட்டே நிரப்பாதீங்க, கீழ தரையில இறக்கி வெச்சு நிரப்புங்க.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஒரு டிராக் டேக்கு ஒருத்தர் இருவது லிட்டர் மினரல் வாட்டர் கேன்ல கொண்டு வந்திருந்தாரு, மூடிக்குப் பாலிதீன் கவரும் ரப்பர் பேண்டும். காலையில நல்லாதான் இருந்துச்சு. பதினொன்றரை மணிக்கு டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா கேனோட அடியில முடி மாதிரி விரிசல், கீழ மண்ணு ஒரு தட்டு அகலத்துக்கு நனைஞ்சு கெடக்கு, பத்தடி தள்ளி வெல்டிங் பையன் பீடி பத்த வெக்க வாயில வெச்சுட்டு தீப்பெட்டியைத் தேடிட்டு இருக்கான். ஒருத்தர் ஓடிப்போயி அவன் கையைப் பிடிச்சாரு, நாங்க ரெண்டு பேரு கேனை அடியோட அணைச்சுத் தூக்கிட்டுப் போயி கெடைச்ச வண்டி டேங்க்ல ஊத்துனோம், யாரு வண்டின்னு கூடப் பார்க்கல. ஊத்தி முடிக்கற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கல. அப்புறம்தான் தெரிஞ்சுது, ஊத்துனது ஒரு ஸ்டாக் ஆல்டோவுல.